வனிலா: பச்சைக் காயில் இல்லாத மணம்

இந்தியப் பெருங்கடலிலுள்ள பிரெஞ்சுத் தீவான ரியூனியனிலிருந்து ஊருக்குக் கிளம்பும்போது உறவுக்காரர்கள் கேட்கும் சாமான்களில் வனிலா கட்டாயம் இருக்கும். "அங்கதான் விளையுதாமே, ரெண்டு பாட்டில் வாங்கிட்டு வா" என்று காரைக்காலிலிருந்து அத்தை சொல்வார். பாட்டில் என்று அவர் கேட்பதில் வியப்பில்லை. நம் ஊரில் வனிலா பாட்டிலில்தான் அறிமுகமாகிறது. கேக்கில் முட்டை வாடை தெரியாமலிருக்க இரண்டு சொட்டு விடும் எசென்ஸ் அது. ஐஸ்கிரீம் கடையில் வனிலா என்றால் மாம்பழமும் சாக்லெட்டும் வேண்டாதவர்கள் கேட்கும் வெள்ளை ஐஸ்கிரீம். கணினி வேலையில் இருப்பவர்களுக்கு, மேலே எதுவும் சேர்க்காத மென்பொருள். போன் விமர்சனம் செய்கிறவர்கள் ப்ரோ, அல்ட்ரா எல்லாவற்றையும் பேசிவிட்டு, மிச்சமிருக்கும் அடிப்படை மாடலை 'வனிலா மாடல்' என்கிறார்கள்.

ஆக, வனிலா என்றால் வெள்ளை, சாதா, ஒன்றும் சேராதது என்ற எண்ணம் பலருக்கும் படிந்துவிட்டது. நான் இருப்பது இந்தத் தீவின் கிழக்குப் பக்கம், சேன் ஆந்த்ரேயில். வனிலாவைப் பதப்படுத்தும் கொட்டகைகள் இந்தப் பக்கம்தான் இருக்கின்றன. அந்த வேலையைப் பக்கத்தில் நின்று பார்த்தவருக்கு 'சாதா' என்ற பேச்சு மனதுக்கு ஒட்டாது. வனிலா கருமையானது. அதைவிடக் கைவேலை அதிகம் கேட்கும் வாசனைப் பொருள் வெகு சிலவே. அதன் மணம் பறித்த காயில் இருப்பதில்லை, மனிதர்கள் மாதக்கணக்கில் உழைத்து வரவழைப்பது. அது எப்படி என்று அடியிலிருந்து பார்ப்போம்.

செடி, பூ, காய்

வனிலா ஒரு கொடி. ஆர்க்கிட் என்ற பூச்செடிக் குடும்பத்தைச் சேர்ந்தது. பூச்சாடியில் அழகுக்கு வளர்க்கிறோமே, அதே ஆர்க்கிட்தான். அந்தப் பெரிய குடும்பத்தில் உலகம் முழுவதும் சமையலுக்குப் பயிராகும் காய் என்று சொன்னால் அது வனிலாதான். தாயகம் மெக்சிகோவும் அதை ஒட்டிய மத்திய அமெரிக்கப் பகுதியும். அங்கே தொத்தோனாக் மக்கள் பழங்காலத்திலிருந்தே இதை அறிந்திருந்தார்கள். பின்னர் அந்தப் பகுதியை ஆண்ட அஸ்தெக்குகள் கொக்கோ பானத்தில் சேர்த்துக் குடித்தார்கள். அவர்களிடமிருந்து ஸ்பானியர்களுக்குப் போய், ஐரோப்பாவுக்கு வந்தது. 'வனிலா' என்ற பெயரும் ஸ்பானிய மொழியிலிருந்து வந்ததே. சின்ன உறை என்று பொருள். காயின் வடிவத்தைப் பார்த்து வைத்த பெயர்.

காய் ஒல்லியாக, ஒரு சாண் நீளத்துக்குக் கொஞ்சம் கூடவோ குறையவோ இருக்கும். 'வனிலா பீன்ஸ்' என்று சொல்வது வழக்கம்தான் என்றாலும் அவரை, பீன்ஸ் இனத்துக்கும் இதற்கும் உறவில்லை. உள்ளே கடுகைவிட மிகச் சிறிய கறுப்பு விதைகள் ஆயிரக்கணக்கில் இருக்கும். நல்ல ஐஸ்கிரீமில் தெரியும் கரும்புள்ளிகள் அந்த விதைகள்தான்.

ரியூனியனில் தென்கிழக்கே, எரிமலைச் சரிவின் ஈரக் காடுகளில், சேன் பிலிப் பக்கம் போனால் மரத்தடி நிழலில் இந்தக் கொடியைப் பார்க்கலாம். தாழை இனத்து மரங்களையும் சவுக்கையும் பிடித்துக்கொண்டு ஏறும். அதன் போக்கில் விட்டால் மர உச்சிக்குப் போய்விடும் என்பதால், கை எட்டும் உயரத்தில் மடக்கி மடக்கித் தொங்கவிடுவார்கள். நட்டதிலிருந்து மூன்று வருடம் போலப் பொறுத்தால்தான் பூக்கும்.

பூவுக்குக் கல்யாணம்

இங்கேதான் முதல் சிக்கல். பூ வெளிறிய பச்சை கலந்த மஞ்சள். விடியற்காலையில் விரியும், அன்றைக்குள்ளேயே வாடிவிடும். அந்தச் சில மணி நேரத்துக்குள் மகரந்தச் சேர்க்கை நடந்தாக வேண்டும். மகரந்தச் சேர்க்கை என்பது பூவின் ஆண் பாகத்திலுள்ள மகரந்தத்தூள் பெண் பாகத்தில் போய்ச் சேர்வது. அது நடந்தால் காய் பிடிக்கும், இல்லையென்றால் பூ உதிரும். வனிலாப் பூவில் இரண்டு பாகமும் ஒன்றுக்கொன்று மிக அருகில் இருந்தாலும் நடுவே ஒரு மெல்லிய சவ்வு திரை போல மறித்துக்கொண்டிருக்கிறது. மெக்சிகோ காட்டில் அதைத் தாண்டி வேலையை முடிக்கச் சில தேனீ இனங்கள் உண்டு. மற்ற நாடுகளில் அவை கிடையாது.

அதனால்தான் 1819க்கும் 1822க்கும் இடையே இந்தத் தீவுக்குக் கொடி வந்து, நன்றாகத் தழைத்தும், இருபது வருடத்துக்குக் காயே இல்லை. அப்போது தீவின் பெயர் பூர்போன். 1836இல் பெல்ஜியத்தின் லியேழ் நகரில் சார்ல் மோரென் என்ற தாவரவியலாளர் கண்ணாடி வீட்டுக்குள் வளர்த்த கொடியில் கையால் சேர்க்கை செய்து காய் எடுத்துக்காட்டியிருந்தார். ஆனால் தோட்டத்தில் நாள் முழுக்கச் செய்யக்கூடிய வேலையாக அது மாறவில்லை.

மாற்றியவர் ஒரு பன்னிரண்டு வயதுப் பையன். பெயர் எத்மோன். இதே தீவின் சேன்த் சூசான் ஊரில் 1829இல் அடிமையாகப் பிறந்தவர். பிறந்தபோதே தாயை இழந்தவர். அவருடைய எஜமானர் ஃபெரியோல் பெலியே-போமோன் செடிகொடிகளில் ஆர்வம் உள்ளவர். ஒரு பூசணி இனக் கொடியில் ஆண் பூவையும் பெண் பூவையும் எப்படிச் சேர்ப்பது என்று பையனுக்குக் காட்டியிருந்தார். பையன் அதை மனதில் வைத்துக்கொண்டு வனிலாப் பூவையும் பிரித்துப் பார்த்திருக்கிறார். 1841இல் ஒருநாள், காய்க்காத கொடியில் காய் தொங்குவதைக் கண்டு எஜமானர் கேட்டபோது, நான்தான் செய்தேன் என்றார் எத்மோன். அப்புறம் மற்றத் தோட்டக்காரர்கள் அவரை வரவழைத்து, தங்கள் ஆட்களுக்குக் கற்றுக்கொடுக்கச் சொன்னார்கள்.

அவர் கண்டுபிடித்த முறைதான் இன்றைக்கும் நடக்கிறது. பக்கத்திலிருந்து பார்த்தால் இப்படி இருக்கும்: இடது கையில் பூவைத் தாங்கலாகப் பிடிப்பார்கள். வலது கையில் ஒரு முள் அல்லது மூங்கில் சிம்பு. பூவின் உதடு போன்ற இதழை நீளவாக்கில் கிழித்து, முள் முனையால் அந்தச் சவ்வை மேலே தூக்கி, மகரந்தக் கட்டியைக் கட்டைவிரலால் கீழே ஓர் அழுத்து. அவ்வளவுதான், சில வினாடிகள். பழகிய கை ஒரு காலையில் ஆயிரத்துக்கும் மேல் பூக்களை முடித்துவிடும். இங்கே மக்கள் பேசும் கிரியோல் மொழியில் இதைக் கல்யாணம் என்றே சொல்கிறார்கள். செய்யும் பெண்களுக்கு 'மரியேஸ்' என்று பெயர், கல்யாணம் செய்துவைப்பவர்கள். செப்டம்பர் தொடங்கி வருடக் கடைசி தாண்டும் வரை பூக்காலம். அந்த மாதங்களில் ஞாயிற்றுக்கிழமை, திருவிழா என்று எதுவும் கணக்கில்லை, விடிந்ததும் தோட்டத்துக்குப் போயாக வேண்டும். தீபாவளி நாளிலும் பூ விரியத்தான் செய்யும்.

எத்மோனுக்கு என்ன கிடைத்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். 1848 டிசம்பர் 20இல் தீவில் அடிமை முறை ஒழிந்தது. விடுதலையோடு ஆல்பியுஸ் என்ற குடும்பப் பெயரும் வந்தது. காசு எதுவும் வரவில்லை. இந்தத் தீவையும் மடகாஸ்கரையும் பணக்காரப் பயிர் ஒன்றுக்கு ஏற்ற இடமாக்கிய மனிதர், 1880இல் சேன்த் சூசானில் ஏழையாகவே இறந்தார். அந்த முறையைச் சொல்லிக்கொடுத்ததே நான்தான் என்று உரிமை கொண்டாடிய தாவரவியலாளரும் இருந்தார். கண்டுபிடித்தது எத்மோன்தான் என்று பெலியே-போமோன் எழுதிவைத்த கடிதம் இருந்ததால் பெயராவது தப்பியது. இந்தத் தீவின் பள்ளிப் பிள்ளைகளுக்கு இந்தக் கதை தெரியும். கேக்கில் எசென்ஸ் விடும் நம் வீடுகளுக்கும் தெரிய வேண்டும் என்பது என் ஆசை.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: வனிலா ஓர் ஆர்க்கிட் கொடியின் காய். மெக்சிகோவுக்கு வெளியே விளையும் காயில் ஏறக்குறைய ஒவ்வொன்றும் ஒரு பூவை ஒரு மனிதக் கை தொட்டதால் வந்தது. இன்னும் மணத்தின் பக்கமே நாம் வரவில்லை.

பச்சைக் காயை முகர்ந்தால்

சேர்க்கை முடிந்து சுமார் ஒன்பது மாதம் கழித்து, நுனி மஞ்சள் தட்டும்போது காயைப் பறிப்பார்கள். அதை மூக்கருகே வைத்துப் பாருங்கள். பச்சைக் கொடி வாசனை வரும், வனிலா வாசனை வராது. புதிதாகத் தோட்டம் பார்க்க வருகிறவர்கள் எல்லோருக்கும் இது ஏமாற்றமாக இருக்கும்.

பூண்டை நினைத்துக்கொள்ளுங்கள். உரிக்காத பூண்டு கூடையில் கிடக்கும்போது பெரிதாக நெடி இல்லை. அம்மியில் வைத்து ஒரு தட்டு தட்டினால் அடுக்களை முழுக்க வீசும். நெடிக்கான மூலப்பொருள் ஓர் அறையிலும், அதை உடைத்து நெடியாக்கும் பொருள் வேறோர் அறையிலும் பூண்டுக்குள் தனித்தனியாக இருக்கின்றன. நசுக்கும்போது சுவர் உடைந்து இரண்டும் கலக்கின்றன.

வனிலாவுக்குள்ளும் இதுதான் நடக்கிறது. வனிலா மணத்தின் முதன்மையான பொருளுக்குப் பெயர் வனிலின். பச்சைக் காயில் அது தனியாக இல்லை, ஒரு சர்க்கரை மூலக்கூறோடு பிணைந்து கிடக்கிறது. பிணைந்திருக்கும் வரை காற்றில் எழும்பாது, மூக்குக்கு எட்டாது. பிணைப்பை வெட்டிவிடுவது ஒரு நொதி. நொதி என்பது உயிருள்ளவற்றின் உடம்பில் ஒரு குறிப்பிட்ட வேதிவேலையை விரைவுபடுத்தும் புரதம். காயிலேயே அந்த நொதியும் இருக்கிறது, பிணைந்த வனிலினும் இருக்கிறது, ஆனால் இரண்டும் சந்திக்க வழியில்லை. சந்திக்க வைப்பதுதான் பதப்படுத்துதல் என்ற வேலை முழுவதும்.

பூண்டோடு வித்தியாசம் நேரத்தில்தான் இருக்கிறது. பூண்டுக்கு ஒரு நொடி போதும். வனிலாவுக்கு மாதங்கள்.

வெந்நீர், கம்பளி, வெயில், பெட்டி

பறித்த காய்களைக் கூடையில் போட்டு 63 முதல் 65 டிகிரி செல்சியஸ் வரை சூடான தண்ணீரில் மூன்று நிமிடம் போல முக்குகிறார்கள். இந்த வெந்நீர் முறை 19ஆம் நூற்றாண்டின் நடுவில் இந்தத் தீவில் உருவானது. சூடு குறைந்தால் காய் சாகாது, தொடர்ந்து பழுத்து வெடித்துவிடும். கூடினால் நொதியும் சேர்ந்து செத்துவிடும், அப்புறம் மணமே வராது. காய் சாக வேண்டும், நொதி பிழைக்க வேண்டும். அந்தக் குறுகிய இடைவெளிக்குள் நிற்பதுதான் திறமை. அனுபவம் உள்ளவர்கள் வெப்பமானியை ஒரு பார்வை பார்த்துவிட்டு, காயின் நிறத்தையும் தொட்டால் தெரியும் மென்மையையும்தான் நம்புகிறார்கள்.

தண்ணீரை வடித்த கையோடு, சூடு ஆறுவதற்குள் கம்பளியில் சுற்றிப் பெட்டிக்குள் அடைக்கிறார்கள். உள்ளே காய்கள் வியர்க்கும். செல் சுவர்கள் தளர்ந்து நொதியும் பிணைந்த வனிலினும் ஒன்று கலப்பது இப்போதுதான். மறுநாள் பெட்டியைத் திறந்தால் நேற்றுப் பச்சையாகப் போனவை சாக்லெட் நிறத்தில் கிடக்கும். முதல் மணம் அப்போது மேலே வரும்.

அத்தோடு முடிந்தது என்று நினைத்தால் தப்பு. ஈரம் மிச்சமிருந்தால் பூசணம் பிடித்துவிடும். அதனால் நாளுக்குச் சில மணி நேரம் கம்பளி மேல் வெயிலில் பரப்பி, சூடாக இருக்கும்போதே சுருட்டி உள்ளே வைப்பார்கள். பிறகு நிழலில், சல்லடைத் தட்டுகளில் வாரக்கணக்காக உலர்த்துவார்கள். ஒவ்வொரு காயும் தனித்தனி வேகத்தில் உலரும். ஆகவே எடுத்து விரலில் சுற்றிப் பார்த்துப் பிரிக்க வேண்டும், மொத்தமாக அள்ளிப் போட முடியாது. கடைசியில் நீள வாரியாக அளந்து கட்டி, மெழுகுத்தாள் விரித்த மரப்பெட்டிகளில் அடைத்துப் பல மாதம் வைப்பார்கள். அடிக்கடி திறந்து முகர்ந்து, ஏதாவது ஒன்று கெட்டிருந்தால் எடுத்துவிடுவார்கள். ஒரு கெட்ட காய் போதும், பெட்டியே போய்விடும். இந்த ஓய்வில்தான் வனிலினுக்குத் துணையாக மற்ற மணப்பொருட்கள் மெல்ல உருவாகின்றன. மரம், உலர்பழம், லேசான புகை என்று நல்ல காயில் நாம் உணர்வது அவற்றைத்தான்.

ஒரு கிலோ பதப்பட்ட வனிலாவுக்கு ஐந்தாறு கிலோ பச்சைக் காய் வேண்டும். பூ விரிந்த நாளிலிருந்து காய் கடைக்கு வருவதற்குள் ஒன்றரை வருடத்துக்கு மேல் ஓடிவிடும். விலை ஏன் அப்படி இருக்கிறது என்று இனி யாரும் கேட்கமாட்டீர்கள் என்று நம்புகிறேன்.

சுருக்கமாக: பச்சைக் காயில் மணத்தின் மூலப்பொருள் பிணைந்து கிடக்கிறது. வெந்நீர் காயைக் கொல்கிறது, கம்பளிச் சூடு நொதியை வேலை செய்ய வைக்கிறது, வெயிலும் நிழலும் ஈரத்தை எடுக்கின்றன, பெட்டி மணத்தை முதிர்விக்கிறது.

வனிலா வேறு, வனிலின் வேறு

குழப்பத்தின் வேர் இங்கேதான் இருக்கிறது. வனிலின் ஒரே ஒரு வேதிப்பொருள். வனிலா என்பது அதோடு இருநூறுக்கும் மேற்பட்ட மணப்பொருட்கள் சேர்ந்த காய். நன்கு பதப்பட்ட காயின் எடையில் வனிலின் சுமார் 2 சதவீதம்தான்.

1858இல் கோப்ளே என்ற பிரெஞ்சு மருந்தாளர் வனிலினைக் காயிலிருந்து தனியே பிரித்தார். 1874இல் டீமன், ஹார்மன் என்ற இரு ஜெர்மானியர்கள் பைன் மரச் சாற்றிலுள்ள ஒரு பொருளிலிருந்து அதையே செய்துகாட்டினார்கள். அன்றிலிருந்து காய் இல்லாமல் வனிலின் கிடைக்கத் தொடங்கியது. பிறகு காகித ஆலைகளின் கழிவுநீரிலிருந்து எடுத்தார்கள். இப்போது பெரும்பகுதி பெட்ரோலியத்திலிருந்து வரும் மூலப்பொருளில் தயாராகிறது. அரிசித் தவிட்டிலுள்ள ஒரு பொருளை நுண்ணுயிரிகளுக்குக் கொடுத்து எடுப்பதும் உண்டு. உலகில் வனிலா மணம் என்று விற்பதில் காயிலிருந்து வருவது ஒரு சதவீதத்துக்கும் குறைவு.

இதைக் கேட்டதும் 'அப்போ நாம சாப்பிடுறது விஷமா' என்று பதற வேண்டாம். வனிலின் மூலக்கூறு எங்கிருந்து வந்தாலும் ஒன்றேதான். உணவில் சேர்க்கும் அளவில் அது பாதுகாப்பானது. நீர்நாயைப் போன்ற பீவர் என்ற விலங்கின் சுரப்பியிலிருந்து வனிலா எசென்ஸ் செய்கிறார்கள் என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் செய்தியையும் விட்டுவிடலாம். அந்தச் சுரப்பு முன்பு வாசனைத் தயாரிப்புகளில் கொஞ்சம் பயன்பட்டது உண்மை. ஆனால் அதை எடுப்பது கடினம், செலவும் அதிகம். மலிவு எசென்ஸில் அதைச் சேர்க்க எந்த வியாபாரிக்கும் கட்டுப்படியாகாது.

என் வருத்தம் வேறு. தனி வனிலினை மட்டுமே ருசித்துவிட்டு, வனிலா என்றால் இவ்வளவுதான் என்று முடிவு கட்டிவிடுகிறோம்.

'சாதா' என்ற பொருள் எப்படி ஒட்டியது?

வனிலின் மலிவானதும் அது எல்லா இனிப்பிலும் புகுந்தது. சாக்லெட்டில் உண்டு, பிஸ்கட்டில் உண்டு, குழந்தைகளின் மருந்தில்கூட உண்டு. பழமோ கொட்டையோ சேர்க்காத ஐஸ்கிரீமுக்கு மணம் வேண்டுமென்றால் வனிலாதான் என்று ஆகிவிட்டது. வேறு எதுவும் சேராத ஐஸ்கிரீமுக்குப் பெயர் வனிலா என்பது போய், வேறு எதுவும் சேராத எதற்கும் பெயர் வனிலா என்று ஆங்கிலப் பேச்சில் பரவியது. அங்கிருந்து நம் பேச்சுக்கும் வந்தது. நம் ஊர்க் கடைப் பலகைகளில் 'வெண்ணிலா' என்று எழுதுவதும் வெள்ளை என்ற எண்ணத்துக்குத் துணைபோனது. வெள்ளை பாலின் நிறம், வனிலாவுடையது இல்லை.

மென்பொருள்காரர்கள் 'வனிலா ஜாவாஸ்கிரிப்ட்' என்றால், மற்றவர்கள் முன்பே எழுதிவைத்த நிரல் தொகுப்பு (நூலகம் என்பார்கள்) எதையும் மேலே ஏற்றாமல் அந்த மொழியை மட்டும் வைத்து எழுதுவது. பங்குச் சந்தையில் 'வனிலா ஆப்ஷன்' என்றால் தனி நிபந்தனை எதுவும் சேர்க்காத வழக்கமான ஒப்பந்தம். இந்த இரண்டு இடத்திலும் இகழ்ச்சி இல்லை. ஓர் ஆளையோ ரசனையையோ வனிலா என்று சொல்லும்போதுதான் 'சுவாரசியமில்லாதது' என்ற குத்தல் வருகிறது. சூழ்நிலையைப் பார்த்துப் பொருள் கொள்ளுங்கள்.

வாங்கும்போது

'பூர்போன் வனிலா' என்று போட்டிருந்தால் அது ரியூனியன் சரக்கு என்று உறுதியாகச் சொல்ல முடியாது. தீவின் பழைய பெயர் அது என்றாலும் மடகாஸ்கர், கொமோரோ தீவுகளின் வனிலாவும் அதே பெயரில் விற்கிறது. இன்று உலக விளைச்சலில் முதலிடம் மடகாஸ்கருக்குத்தான். இங்கே விளைவது மிகக் கொஞ்சம். 'வனீல் தெ லீல் தெ லா ரெயூனியோன்' என்ற பெயருக்கு 2021இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் புவிசார் குறியீடு கிடைத்தது. காஞ்சிபுரம் பட்டுக்கு இருப்பது போன்ற பாதுகாப்பு அது. அந்தப் பெயரையும் குறியீட்டின் முத்திரையையும் பார்த்து வாங்குங்கள்.

இங்கே கடையில் வனிலாச் சர்க்கரைப் பொட்டலம் எடுக்கும்போது ஓர் எழுத்துக் கவனம் வேண்டும். 'சூக்ர் வனீயே' என்றால் வனிலாக் காய் சேர்ந்தது. 'சூக்ர் வனிலினே' என்றால் தனி வனிலின் சேர்ந்தது. இரண்டும் ஒரே அலமாரியில், ஏறக்குறைய ஒரே மாதிரி உறையில் இருக்கும். நம் ஊர் எசென்ஸ் பாட்டிலில் வனிலின், எத்தில் வனிலின், செயற்கை மணம் என்று எதைப் போட்டிருந்தாலும் அதில் காய் இல்லை. கரும்புள்ளி இருந்தாலே அசல் என்றும் நம்பிவிடாதீர்கள். சாறெடுத்து முடித்த காயின் விதைகளைத் தூவியும் விற்கிறார்கள்.

அதற்காக எல்லாவற்றுக்கும் காயே வேண்டும் என்றில்லை. அதிகச் சூட்டில் வேகும் பிஸ்கட்டுக்கு எசென்ஸ் போதும், பெரிய வித்தியாசம் தெரியாது. பால், கிரீம், மெல்ல வேகும் குழம்பு ஆகியவற்றில்தான் காய் தன் வேலையைக் காட்டும். இந்தப் பக்கத்து மல்பார் வீடுகளிலும், அதாவது நம் ஊர்களிலிருந்து கரும்புத் தோட்ட ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்களின் வழிவந்த குடும்பங்களிலும், மற்றக் கிரியோல் வீடுகளிலும் வாத்துக்கறியில் வனிலா போடுவார்கள். இனிப்பு துளியும் கிடையாது. வெங்காயம், பூண்டோடு வதங்கிய கறியில் கீறிய காய் ஒன்று. வனிலாவை இனிப்போடு மட்டும் சேர்த்து நினைப்பவர்கள் ஒருமுறை சாப்பிட்டால் நினைப்பை மாற்றிக்கொள்வார்கள்.

பாயசத்துக்கு: காயை நீளவாக்கில் கீறி, கத்தியின் முதுகால் விதையை வழித்து, விதையையும் தோலையும் பாலில் போட்டு மெல்லிய தீயில் வையுங்கள். வனிலா போட்டால் ஏலக்காய் வேண்டாம், இரண்டும் ஒன்றையொன்று அமுக்கிவிடும். தோலை எடுத்துக் கழுவி, நன்றாக உலர்த்திச் சர்க்கரை டப்பாவில் புதைத்து வைத்தால் இன்னும் பல வாரம் மணக்கும்.

மீதமுள்ள காயை ஃபிரிட்ஜில் வைக்காதீர்கள், காய்ந்து விறைத்துவிடும். காற்றுப் புகாத கண்ணாடிக் குழாயில், இருட்டான அலமாரியில் வையுங்கள். நாள்பட்ட காயின் மேல் வெள்ளையாக ஏதாவது படிந்திருந்தால் உடனே தூக்கிப் போட்டுவிடாமல் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். ஊசி ஊசியாக மின்னினால் அது வனிலின் படிகம். காயிலிருந்தே வெளியே வந்து உறைந்தது, நல்ல சரக்கின் அடையாளம். மின்னாமல் பஞ்சு போல மங்கலாக, ஊசல் வாடையோடு இருந்தால் பூசணம். அந்தக் காயை எறிந்துவிட்டு, கூட இருந்தவற்றையும் ஒவ்வொன்றாக முகர்ந்து பாருங்கள்.